எங்கும் நிற்காத வண்டி

கொடியிலிருந்து உருவி எடுத்தபோது நீச்சல் டவுசர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிழியக்கூட இல்லை. மகன் கிளம்பிவிட்டான், எந்த நேரமும் வந்து நிற்பான். அலமாரியைத் திறந்து, கணவரின் மடித்த சட்டைகளுக்கு அடியில் திணித்துக் கதவைச் சாத்தினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அந்த நேரத்துக்கு அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

முன்னறைக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். தலைமாட்டில் பக்கத்து வீட்டம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் காபி குடிக்கும்போது அவர் தானாகச் சிரித்துக்கொண்டார். என்னவென்று கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்றேன். இப்போ கொஞ்சம் சாய்ஞ்சுக்கறேன்" என்றார். அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்.

காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற பிறகும் நாற்காலிக்குக் கீழே வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். நெஞ்சுவலி வந்து பிழைத்ததும் மகன் சட்டம் போட்டுவிட்டான். வாசலைத் தாண்டக் கூடாது, படி ஏறக் கூடாது, பை தூக்கக் கூடாது. அவன் பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. மனிதர்தான் ஜன்னலோரத்தில் சுருங்கிப்போனார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். பிறகு அதுவும் நின்றுபோனது. அது நின்றபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

டாக்டரிடம் தனியாகக் கேட்டாள். தண்ணீரில் மெதுவாக இறங்கிப் பழகலாம், நல்லதுதான் என்றார். மகனிடம் சொன்னால் விடமாட்டான். ஒருநாள் அவளே கையைப் பிடித்து நகராட்சி நீச்சல் குளத்து வாசலில் விட்டுவிட்டு வந்தாள். அதிலிருந்து அவருக்குப் பசித்தது, தூக்கம் வந்தது, அவளைக் கேலி செய்ய வாயும் வந்தது. "அப்பா எங்கம்மா?" என்று மகன் போனில் கேட்கும்போதெல்லாம், "குளிக்கிறாருப்பா" என்பாள்.

மகன் வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"காலைல எங்கயாவது போனாராம்மா?"

"குளிச்சாரு. காபி குடிச்சாரு."

"நல்ல சட்டை ஒண்ணு போட்டு விடலாம்" என்று எழுந்தான். அவள் தடுப்பதற்குள் அலமாரி திறந்துவிட்டது. வெள்ளைச் சட்டையை எடுத்தான். முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அடியில் கைவிட்டு அந்த நீல டவுசரை வெளியே இழுத்தான்.

"என்னம்மா இது?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"நான் அவ்வளவு சொல்லியும்... நீ அவரைப் போகவிடாம வச்சிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரேம்மா."

காலையிலிருந்து அவளும் தன்னை அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் குளத்து ஆட்கள் வந்தார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும், நீச்சல் சொல்லித்தரும் பெண்ணும். மகன் சுவரோரமாக நின்றான், டவுசர் அவன் கையிலேயே இருந்தது. தபால்காரர் கட்டிலருகே நின்று தொண்டையைச் செருமினார்.

"டிரைவரே, டிரைவரே... தண்ணிக்குள்ளயும் டவுன் பஸ்தாம்மா இவரு. நாலு தடவை கையை வீசுவாரு, சுவத்தைப் பிடிச்சு நிப்பாரு. கேட்டா, ஸ்டாப்பிங் வந்துருச்சு, ஆள் ஏறட்டும்பாரு."

"இன்னைக்கு நிக்கலைங்க" என்றாள் அந்தப் பெண். "இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை வரைக்கும் எங்கயும் பிடிக்காம போனாரு. முதல் தடவை. நான் கூடவே வந்தேன். பதறவே இல்லை, அவ்வளவு நிதானமா போனாரு." அவர் மனைவியின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டப் போறேன், அதுவரைக்கும் யாரும் சொல்லிடாதீங்கன்னாரு."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை முறை வந்து பார் என்று கூப்பிட்டிருப்பார்! வயசான காலத்தில் இதெல்லாம் ஒரு காட்சியா என்று சிரித்து மழுப்பியிருக்கிறாள்.

மகன்தான் கேட்டான்.

"அந்தக் கரைக்குப் போய்... என்ன பண்ணாரு?"

தபால்காரர் தயங்கினார். "ஹார்ன் அடிச்சாரு தம்பி. வாயாலேயே. பாம் பாம்னு. குளமே சிரிச்சுச்சு."

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் அவனைத் தோளில் உட்காரவைத்து வீடெல்லாம் சுற்றும்போது அடிக்கும் ஹார்ன். சிரித்தவன் அப்படியே உதட்டைக் கடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க அவள் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் வழியே பின்பக்கம் தெரிந்தது. மகன் டவுசரைப் பிழிந்துகொண்டிருந்தான். இரண்டு முறை உதறினான். கொடியில் முக்கால்வாசி நிழல் விழுந்துவிட்டது. அவன் கடைசிவரை நடந்துபோய், மிச்சமிருந்த வெயிலில் அதை விரித்துப் போட்டு, காற்றில் பறக்காமல் இரு பக்கமும் கிளிப் மாட்டினான்.