விசாகத்திலிருந்து இருபத்தாறு நாள்

ஆவுடைத்தாய்க்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை இல்லை. போன ஆனியில் மாமனார் திருஞானசம்பந்தம் பிள்ளை அவளை ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த மகானுபாவர் கேட்டதெல்லாம் மாமனாரிடம்தான், அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. மயக்க மருந்து கொடுத்து, கர்ப்பப்பையின் உள்தோலைச் சுரண்டி, பூதக்கண்ணாடியில் பார்த்து, 'உள்தோல் தடித்துச் சளி கட்டியிருக்கிறது, நோய்ப்பட்ட கர்ப்பப்பை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் போதாதா? ஆவணி பிறந்ததுமே ராதாபுரத்தில் பெண் பார்த்தாயிற்று. புருஷன் சிவசைலத்துக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம்.

அடிவயிற்று வலி மட்டும் அவளுக்கு நின்றபாடில்லை. வியாழக்கிழமை காலை, காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்ப் பெண் டாக்டர் சாலோமியைப் பார்த்தாள். சாலோமி மதராசில் படித்தவள். காகிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"ஆனி இருவத்துமூணுன்னு போட்டிருக்கு. அதுக்கு முந்தி நீ எப்ப தூரமான?"

"வைகாசி விசாகத்தன்னைக்கு. எல்லாரும் திருச்செந்தூருக்குப் போனாவ. என்னைய மட்டும் பொறவாசல் அறையில உக்கார வச்சிட்டாவ."

சாலோமி விரல்விட்டு எண்ணினாள். பிறகு மேசையில் ஓங்கி அடித்தாள்.

"இருவத்தாறு நாளு! தூரம் முடிஞ்ச கையோட உள்தோலு மெலிஞ்சிருக்கும். நாளாக ஆகத் தடிக்கும். அடுத்த தூரத்துக்கு முந்தின வாரத்துல உள்ள இருக்க சுரப்பியெல்லாம் சுருண்டு பெருத்து, சளி மாதிரி நீரும் சர்க்கரைச் சத்தும் சேத்து வைக்கும். வரப்போற பிள்ளைக்குச் சாப்பாடு அது. பிள்ளை தங்கலன்னா உதிந்து போவும், அதான் தூரம். அந்த நாள்ல யாரைச் சுரண்டினாலும் இப்படித்தான் இருக்கும். வியன்னாவுல ரெண்டு டாக்டருங்க மூணு வருசம் முந்தி, 1908லயே எழுதிட்டாங்க. இந்த மனுசன் நாளைக் கேக்காண்டாமா?"

"பொம்பளைட்ட அதைக் கேக்கக் கூச்சமா இருந்திருக்கும்."

"சுரண்டுததுக்குக் கூச்சம் இல்லையாக்கும்!"

ஆவுடைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அப்ப பிள்ளை ஏன் இல்ல?"

"தெரியல. உன் வீட்டுக்காரரையும் சோதிச்சுப் பாக்கணும். பாத்தாங்களா?"

அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சே எழுந்ததில்லை.

மறுநாள் கூடத்தில் ராதாபுரத்துப் பெண்ணின் தகப்பனார் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் ஆவுடைத்தாய் அடுக்களையிலிருந்து நேரே நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள். வீட்டு மருமகள் ஆண்கள் சபைக்கு வருவதாவது!

"மாமா, விசாகத்தன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

பிள்ளைவாள் முகம் கறுத்தது. "உள்ள போ."

"பொறவாசல்ல இருந்தேன். தெருவுக்கே தெரியும். அதுல இருந்து இருவத்தாறாம் நாளு என்னையச் சுரண்டினாவ. அந்த நாள்ல எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான் தடிச்சிருக்குமாம், அது நோயில்லையாம். பாளையங்கோட்டை டாக்டரம்மா சொல்லுதாவ." பெண்ணின் தகப்பனார் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு உங்க மகளுக்கும் பிள்ளை இல்லன்னா அவளையும் கொண்டுபோய்ச் சுரண்டுவாவ. மாப்பிள்ளையச் சோதிச்சாச்சான்னு கேளுங்க."

ராதாபுரத்தார் பிள்ளைவாள் பக்கம் திரும்பினார். "சோதிச்சாச்சா, அண்ணாச்சி?" என்றார். "மொதல்ல தட்ட மாத்துவோம்" என்றார் பிள்ளைவாள். ராதாபுரத்தார் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சோதிச்சிட்டு ஆளனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

சிவசைலம் இப்போதுதான் வாயைத் திறந்தான். "நான் உன்னைய ஒரு வார்த்தை குத்தம் சொன்னேனா?"

"சொல்லல. என்னையச் சுரண்டக் கூட்டிட்டுப் போகையிலயும் நீங்க ஒண்ணும் சொல்லல. பொண்ணு பாக்கப் போகையிலயும் சொல்லல. இப்பவும் ஒண்ணும் சொல்லாண்டாம். கெளம்புங்க, பாளையங்கோட்டைக்குப் போவோம்."

சிவசைலம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிள்ளைவாள் தரையைப் பார்த்தார்.

"என்ன மாமா," என்றாள் ஆவுடைத்தாய், "என்னையக் கொண்டுபோகும்போது உங்களுக்கு ஒரு நிமிசம் யோசனை இல்ல. மகனை அனுப்ப மட்டும் ஏன் இம்புட்டு யோசனை?"