முப்பது மில்லி

ஓர் உயிரின் விலை அந்த மாதம் முப்பது மில்லியாக இருந்தது. தோலுக்கடியில் ஊறும் நீர், குழாய் வழியே இருபத்துநான்கு மணி நேரத்தில் முப்பது மில்லிக்குக் கீழே இறங்க வேண்டும், அதுவும் தொடர்ந்து இரண்டு நாள். இறங்கினால் குழாயை உருவுவார்கள். உருவினால் காயம் மூடும். காயம் மூடினால்தான் கீமோ. அது ஏறினால்தான், வெட்டியெடுத்த இடது மார்போடு போகாமல் உடம்பில் எங்காவது பதுங்கியிருக்கக்கூடிய மிச்சசொச்சத்துக்கு ஒரு முடிவு. டாக்டரம்மா இதையெல்லாம் தாளில் கட்டம் போட்டு விளக்கியபோது கறாரம்மா மூன்றாவது கட்டத்திலேயே தலையாட்டி நிறுத்திவிட்டாள். அவளுக்கு வேண்டியது விலை. அது தெரிந்துவிட்டது.

கறாரம்மா என்பது கடைத்தெரு வைத்த பெயர். ஜன்னலுக்கும் வாசலுக்கும் திரைத்துணி விற்கிற கடை. இருபத்தாறு வருஷமாகக் கல்லாவுக்கு முன்னால் நிற்பது அவள், பின்னால் உட்கார்ந்திருப்பது கணவர். அவள் சொல்கிற முதல் விலைக்கே எவனாவது துணியை வாங்கிக்கொண்டு போனால் அன்று பூராவும் அவன்மேல் அவளுக்குப் பரிதாபமாக இருக்கும். முதல் விலை என்பது வந்தவருக்கு நாற்காலி போடுவது மாதிரி ஒரு மரியாதை. நிஜ விலைக்கு இருவரும் பேசிப்பேசித்தான் போய்ச்சேர வேண்டும். ஆகவே டாக்டரம்மா முப்பது என்றதுமே மனசுக்குள் கணக்கு ஓடியது. வாய் முப்பது சொன்னால் கை நாற்பத்தைந்துக்கு விடும். படித்தவள், கொஞ்சம் இடம் வைத்துத்தான் சொல்லியிருப்பாள்.

அந்த நம்பிக்கையில்தான் முதல் தடவை எழுதினாள். ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள் அளவுக் கோப்பையில் நாற்பத்துநான்கு இருந்தது. தினமும் அளந்து எழுதி டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டிய நோட்டில் இருபத்தொன்பது என்று போட்டாள். மறுநாள் நாற்பத்தொன்று, இருபத்தெட்டு. குழாயை உருவினார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இவ்வளவு சீக்கிரமா என்று வியந்தார்கள், அவளும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் அக்குள் வெந்நீர்ப் பை மாதிரி பொம்மிக்கொண்டது. தையலின் ஓரம் இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்தது. காய்ச்சல், சீழ், ஆறு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில், திரும்பவும் ஒரு குழாய். ஐந்தாம் வாரம் ஏற வேண்டிய கீமோ தள்ளிப்போனது. "எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும்னு பாக்கறேன். தள்ளத் தள்ள மருந்தோட பலன் குறைஞ்சுகிட்டே போகும். அதுக்காகத் திறந்த புண்ணோட ஏத்தவும் முடியாது. ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி இறங்கிச்சுன்னா இந்தச் சின்ன ஓட்டையே ஆளக் கொண்டு போயிடும்," என்றார் டாக்டரம்மா. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டவர்களிடமெல்லாம் "உடம்பு வாகு" என்றாள் கறாரம்மா. சொல்லிச்சொல்லி பாதி அவளே நம்பிவிட்டாள்.

இப்போது ஏழாம் வாரம், வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குக் குளியலறையில், குழாயின் நுனியில் தொங்கும், நீர் வந்து சேருகிற ரப்பர் உருண்டையைத் திறந்து கோப்பையில் கவிழ்த்தாள். கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. கோப்பையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள், சாய்த்தாலும் நாற்பத்தெட்டுதான். நேற்று நாற்பத்தாறை இருபத்தொன்பது ஆக்கியிருந்தாள். இன்றைக்கு இருபத்தெட்டு என்று எழுதப் போனவள் பேனாவை நிறுத்தி இருபத்தேழு என்று போட்டாள். புண்ணின் வாய் பொட்டளவுக்குச் சுருங்கியிருந்தது. இன்று குழாயை எடுத்துவிட்டால் திங்கட்கிழமை கீமோ. எட்டு வாரம் தாண்டாது. அவளுக்கு அதுதான் வேண்டும். அதற்காக எதையும் எழுதுவாள்.

"எவ்வளவு?" என்றார் கதவுக்கு வெளியே கணவர்.

"இருபத்தேழு."

"அடேயப்பா! பரவால்லியே!" என்றார். கடையில் லாபம் என்றாலே ஒருதரம் திருப்பி எண்ணிப் பார்க்கிற மனுஷன், இதை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும் அறைக்குக் கணவரும் கூடவே வந்தார், எப்போதும் கட்டு மாற்றுகிற நர்ஸ்தான் இருந்தாள். ஒன்றரை மாதப் பழக்கம். பஞ்சை நனைத்து, ஒட்டிக்கொண்டிருந்த துணியை ஊறவிட்டபடி பேச்சுக் கொடுத்தாள். "அக்கா, அந்த நீலத் திரை இன்னும் இருக்கா? எனக்கு எவ்வளவு குறைப்பீங்க?"

"குழாய நோகாம உருவு. சும்மாவே தரேன்."

"சும்மாவா? இருங்க, மொதல்ல காய்ச்சல் இருக்கான்னு பாத்துடறேன்."

மூவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா வந்தார். புண்ணைப் பார்த்தார், சுற்றிலும் அழுத்திப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். "இருபத்தொன்பது, இருபத்தேழு. நல்லது. எடுத்துடலாம். திங்கக்கிழமைக்குக் கீமோ எழுதிடறேன்."

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு இழுபறி இல்லை. கறாரம்மாவின் கடையில் எப்போதாவது இப்படி நடக்கும். அவள் ஒரு எண்ணைச் சொல்லுவாள், எதிரே இருப்பவர் மறுபேச்சில்லாமல் சரி என்பார். அந்தக் கணத்தில் அவள் கை துணிமேல் அப்படியே நின்றுவிடும், எங்கேயோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று. பேரம் பேசுகிறவர் சரக்கைச் சந்தேகப்படுகிறார், அதனால் சரக்கைப் பார்க்கிறார். இந்த அம்மாள் நம்பியது அந்த எண்ணைத்தான். தான் எழுதிக்கொடுத்த எண்ணை. அதற்குமேல் பேச அவரிடம் ஒன்றுமே இல்லை. குழாயைத் தோலோடு பிணைத்திருந்த தையலில் நர்ஸ் கத்தரியை வைத்தாள். நரம்பு போய் மரத்த இடம். இரும்பு பட்டதைக் கறாரம்மா கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பொம்மிய அக்குள் நினைவுக்கு வந்தது, அந்த ஆறு நாள் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமையும் வந்தது. திங்கட்கிழமையை விட மனசே வரவில்லை.

"நில்லு," என்றாள். "அது நாப்பத்தெட்டு."

"எது?" என்றார் டாக்டரம்மா.

"இருபத்தேழு. நாப்பத்தெட்டு அது. நேத்து நாப்பத்தாறு."

கத்தரி விலகியது. டாக்டரம்மா நோட்டின் பழைய பக்கங்களுக்குப் போனார். "போன தடவை?"

"நாப்பத்தி நாலு. அப்புறம் நாப்பத்தி ஒண்ணு."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"முப்பதுன்னா… கொஞ்சம் முன்னப்பின்ன விடுவீங்கன்னு…"

"நான் என்ன துணியா விக்கறேன்?"

நர்ஸ் சிரிக்கவில்லை. கணவர் தடுப்புத் திரையின் ஓரத்தைப் பிடித்து மடிப்பு மடிப்பாகச் சுருக்கிக்கொண்டிருந்தார். "டாக்டர்," என்றார். "நாப்பத்தெட்டும் இல்லீங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"இவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் திறந்து கொட்டிடுவேன். காலங்காத்தால அந்த நம்பரப் பாத்து இவ மூஞ்சி விழுந்துடும், அதான்."

"எவ்வளவு கொட்டுவீங்க?"

"பதினஞ்சு இருக்கும். இருபதும் இருக்கும். அளக்கலீங்க."

"எத்தனை நாளா?"

"மொத குழாயிலேருந்து."

டாக்டரம்மா அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டார். "அத திறக்கறதுக்கு முன்னாடி கை கழுவினீங்களா?"

"கழுவுவேன்," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "முக்காவாசி நாள்," என்றார்.

கறாரம்மா அவரையே பார்த்தாள். தன்னைக் கேட்காமல் ஒரு சாண் துணிகூடக் கழித்துக் கொடுக்கத் தெரியாத ஆள் என்றுதான் இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லிவந்திருக்கிறாள்.

"என்கிட்டயேவா?"

"உன்கிட்ட மட்டும்தான்," என்றார் அவர். திரைத்துணியை இன்னும் விடவில்லை.

டாக்டரம்மா திங்கட்கிழமையை அடித்தார். கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் புண்ணிலிருந்து ஒரு குச்சிப் பஞ்சில் ஒற்றியெடுக்கச் சொன்னார். குழாய் இருக்கட்டும், இனிமேல் வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது, காலை மாலை இங்கே வந்து நர்ஸ்தான் திறக்க வேண்டும் என்றார். "ஒம்பதாவது வாரம்னு வெச்சுக்குங்க. அதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன்."

"எட்டுன்னீங்களே டாக்டர்." கறாரம்மாவின் குரல் கடையில் ஒருநாளும் கேட்டிராத அளவுக்கு இறங்கியிருந்தது. "அந்த எட்டுல… கொஞ்சம்…"

"இடம் இருக்கான்னு கேக்கறீங்க."

"ஆமா."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சில பேருக்கு இருந்திருக்கு. உங்களுக்கு இருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஒரு நம்பரச் சொல்லி உங்கள ஏமாத்தவும் மாட்டேன்."

டாக்டரம்மா போன பிறகு நர்ஸ் கை கழுவி, புதுக் கையுறை மாட்டி, ரப்பர் உருண்டையைத் திறந்தாள். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மூன்று தலைகள் அதன்முன் குனிந்தன. இளஞ்சிவப்பாக, கொஞ்சம் மஞ்சளாக, அசைந்து அசைந்து அது ஒரு கோட்டில் வந்து நிற்கும்வரை அப்படியே குனிந்திருந்தன.

"பதினாலு," என்றாள் நர்ஸ்.

"பதினாலு," என்றார் கணவர்.

கறாரம்மா இன்னும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நோட்டை மடிமேல் வைத்து, எழுதியிருந்த பக்கங்கள் எல்லாவற்றிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திருப்பி எழுதினாள்: காலை 6.00 முதல் 11.20 வரை, 14. அதற்குக் கீழே, நாள் முடிய இன்னும் 18 மணி 40 நிமிடம். அதற்கும் கீழே கீமோ என்று எழுதி, எதிரே தேதிக்கு இடம் விட்டு, பேனாவை எடுக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.