முனையில் ஒரு சின்னக் கட்டம்

கணிதப் பேராசிரியரான அவருக்குக் கல்லூரியில் வைத்த பட்டப்பெயர் தோராயம். மணி என்ன என்று கேட்டால் விநாடியோடு சொல்கிற மனிதருக்கு இப்படி ஒரு பெயர். தோராயக் கோட்பாட்டில்தான் அவருக்கு ஆராய்ச்சி. சிக்கலான ஒரு வளைகோட்டை எளிய ஒன்றால் எவ்வளவு நெருங்கலாம், நெருங்கிய பிறகு எவ்வளவு பிழை மிஞ்சும் என்பதுதான் அதன் சாரம். அதைப் பற்றிப் பேச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. உலகத்திலேயே ஒருவர்தான் அவரோடு பேசினார். அவர் பெயரும் தெரியாது.

கட்டுரை வந்தால், தன் பெயரைச் சொல்லாத ஒரு மதிப்பீட்டாளருக்கு அதை அனுப்பிக் கருத்துக் கேட்பது ஆய்விதழ்களின் வழக்கம். தோராயம் சாரின் கட்டுரை மூன்று வருடத்தில் நான்கு முறை போய் நான்கு முறையும் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் முதல் குறிப்பு ஒன்றுதான்: ‘முனையில் என்ன ஆகிறது?’ வளைகோடு நடுவில் சாதுவாக இருக்கும். முனைக்குப் போனதும்தான் வாலாட்டும். மூன்றாம் முறை அந்த மனிதர் கையாலேயே படம் போட்டு அனுப்பினார். மற்றவர்கள் முனையில் புள்ளி வைப்பார்கள். அவர் ஒரு சின்னக் கட்டம் போட்டு அதற்குள் குறுக்கே கோடு இழுத்திருந்தார். இவரும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு விடிய விடியப் பதில் எழுதினார்.

“என்னப்பா, காதல் கடிதமா?” என்று மகள் போனில் சிரித்தாள்.

ஐந்தாம் முறை முனைக் கணக்கும் சரியாகி, சென்ற மாதம் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். கடிதப் போக்குவரத்தும் அதோடு நின்றது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தத் துறைக்காரர்கள் கூடும் மாநாட்டுக்கு அவர் வந்ததே அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான். யாரிடம் போய் விசாரிப்பது? அதனால் ஒரு தூண்டில் போட்டார். அந்தக் கட்டுரையைப் பற்றிய தன் உரையில் முனை பற்றிய பகுதியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுவது. அந்த மனிதரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, கேட்டே தீருவார்.

அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். கரும்பலகை நிறைய எழுதி முடித்து, கைத்தூசியைத் தட்டிவிட்டு நின்றார்.

“யாருக்காவது கேள்வி?” என்றார் அமர்வுத் தலைவர்.

மின்விசிறிச் சத்தம். இருபத்து மூன்று விநாடி. தோராயம் சார் எண்ணினார்.

“ரொம்ப நல்ல உரை சார். டீ ஆறிடும், போலாமா?”

கைதட்டிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். இவர் டீயை அப்படியே வைத்துவிட்டார். அறைக்கே திரும்பி வந்து, விட்டுவைத்த முனைப் பகுதியின் நான்கு வரிகளைப் பலகையின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார். முடிக்காமல் விட்டால் கை அரிக்கும் அவருக்கு. மறந்துவைத்த சார்ஜரை எடுக்க வந்த ஆராய்ச்சி மாணவி பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஐயோ சார், அப்ப இது உங்களுக்குத் தெரியுமா?”

“ஏம்மா, தெரியாதுன்னு யார் சொன்னா?”

“மறந்துட்டீங்கன்னு நெனச்சோம். எல்லாருந்தான் சார். அந்த ஓட்டையில யானையே நுழையலாமே!”

“கேக்க வேண்டியதுதானே?”

“கையத் தூக்கப் போனேன். பக்கத்துல இருந்த பெரியவர் அமுக்கிட்டார். ‘வேணாம்மா, மூணு வருஷம் பாடுபட்டிருக்கார், நாலு பேர் முன்னாடி நோகடிக்காதே’ன்னார்.”

சுண்ணாம்புக்கட்டி பாதி வரியில் நின்றது. மூன்று வருடம் என்று உரையில் அவர் எங்கேயும் சொல்லவில்லை.

“எங்கம்மா அவர்?”

“அதோ, கடைசி வரிசையில அந்த ஓர நாற்காலியிலதான் இருந்தார். ரயிலுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரே. மாநாட்டுக்குப் பதிவுகூடப் பண்ணலையாம். உங்க உரைய மட்டும் கேட்டுட்டுப் போக வந்தாராம். பேர் கேக்கத் தோணல சார்.”

அவள் போன பிறகு கடைசி வரிசைக்குப் போனார். அவள் காட்டிய நாற்காலியின் அடியில் நிகழ்ச்சி நிரல் தாள் ஒன்று கிடந்தது. இவர் உரையின் தலைப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வளைகோடு. அதன் முனையில் சின்னக் கட்டம், உள்ளே குறுக்குக்கோடு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அதை மட்டும் அழுத்தி அழுத்தி அடித்து நீக்கியிருந்தது.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். போன் அடித்தது. மகள்.

“என்னப்பா, ஆள் சிக்கினாரா?”

“வந்திருந்தார்மா.”

“நெசமாவா! என்ன கேட்டார்?”

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“ஒண்ணும் கேக்கலம்மா,” என்றார். “என்னப் பாத்து பாவப்பட்டுட்டார்.”