மொம்பாசா வரைக்கும் ஒரு கார்டு

ஒக்குமு கென்யாவில் முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். கிசுமுவில் கிளம்பினால் நைரோபி, அங்கிருந்து மொம்பாசா, பிறகு அதே வழியில் திரும்பி வர வேண்டும். அத்தனை வருடத்தில் அவரை நம்பி ஏறிய ஒருவருக்கும் சிராய்ப்புகூடப் பட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர், ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கிசுமுவின் மிகோசிப் பகுதியில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே நாற்பத்தெட்டுப் பயணிகளோடு ஒரு பேருந்தைக் கவிழ்த்துவிட்டார்.

நல்லவேளை, பேருந்து கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

கம்ப்யூட்டர் அவருடையது அல்ல, மகள் லாவெண்டருடையது. கல்லூரி நாட்களில் அதில்தான் ராப்பகலாக விளையாடிக்கொண்டிருந்தாள். நகுருவில் வேலை கிடைத்ததும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அப்பா ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் தினமும் காலையில் பேருந்து நிலையத்துக்கே போய், மற்றவர்கள் வண்டியை எடுப்பதைக் கைகட்டி நின்று பார்த்துவிட்டு வருகிறார் என்று அம்மா சொன்னதும், ஒரு வார இறுதியில் வந்து பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். மேசையில் பொருத்தும் ஸ்டியரிங்கும், காலுக்கு பெடல்களும் வாங்கித் தந்தாள். நைரோபிப் பையன்கள் சிலர் அந்த விளையாட்டுக்காகக் கென்யாவின் சாலைகளை அப்படியே செய்து வைத்திருந்தார்கள்.

முதல் நாள், "சின்னப் புள்ளைங்க விளையாட்டு" என்றார் ஒக்குமு. இரண்டாம் நாள் பேருந்தில் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் பழைய தலையணையைத் தேடினார். மூன்றாம் நாளிலிருந்து ஷூ போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். செருப்புக் காலோடு வண்டியைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். நகுரு வந்ததும் விளையாட்டை நிறுத்திவிடுவார். நிஜத்தில் பயணிகள் அங்கேதான் தேநீர் குடிப்பார்கள், அதனால் இவரும் குடித்தாக வேண்டும். மனைவி அக்கோத், தேநீரும் எண்ணெயில் பொரித்த இரண்டு மந்தாசியும் கொண்டு வந்து வைப்பாள்.

அக்கோத் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். கிளம்பும்போது தினமும் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவாள். ஆனால் கிசுமுவை அடுத்த அஹெரோ ஊர் வருவதற்குள் எழுந்து போய்விடுவாள். அடுப்பில் பயறு இருக்கிறது என்பாள், பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுகிறாள் என்பாள், ஒன்றும் இல்லையென்றால் கோழியைச் சொல்வாள். ஒக்குமு ஒன்றும் கேட்டதில்லை. கிழவனின் பொம்மை, இவளுக்கு எப்படிப் பிடிக்கும் என்று தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு மேலே ஓட்டுவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் அந்தப் பையன்கள் சாலைகளைப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். கெரிச்சோ தேயிலைத் தோட்டத்தில் இலை இலையாகத் தெரிந்தது. மாவ் மலை ஏற்றத்தில் மூடுபனி இறங்கியது. அதுவரை லேசாக, அவர் கவனிக்காத அளவுக்குத் திக்கிய படம் அன்றிலிருந்து மோசமாகத் திக்க ஆரம்பித்தது. நாலு அடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

சத்தம் கேட்டு அக்கோத் ஈரக் கையோடு வந்தாள்.

"என்னாச்சு?"

"லாரி வந்துச்சு."

"எங்கேருந்து?"

"எங்கேருந்தும் வரல. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. படம் கொஞ்ச நேரம் நின்னுச்சு. திரும்ப ஓடுறப்போ லாரி மூக்குக்கு முன்னாடி நிக்குது."

திரையில் பேருந்து பக்கவாட்டில் கிடந்தது. ஒரு சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கோத்துக்குச் சிரிப்பு வந்தது. "லாவெண்டர் அப்பா, எத்தன பேர் எழவுக்கு நாம சோறு போடணும்?" என்றாள்.

ஒக்குமு சிரிக்கவில்லை. குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். இரண்டு ஷூவையும் கழற்றி மேசைக்கடியில் தள்ளினார். அதைப் பார்த்ததும் அக்கோத் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையைத் துடைத்து, அவர் தோளில் வைத்தாள். இரண்டு நாள் அவர் அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் லாவெண்டர் ஸ்பீக்கர் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அது ஒங்க தப்பே இல்ல. உள்ள இருக்குற கிராஃபிக்ஸ் கார்டு பழசு. நான் வாங்கினப்பவே அது பழசுதான். படம் வரையுறது அதோட வேலை, இப்ப அதால முடியல. மாத்திடுங்க."

"ஓடுற வண்டிய எதுக்கு மாத்துறது?"

"எங்கப்பா ஓடுது? கவுந்துல்ல கெடக்கு."

அக்கோத் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒக்குமு போனை முறைத்தார். "ஒம்பது வருசமா ஒழச்ச சாமான். தொறந்து பாத்து, எண்ணெ போட்டு, சரி பண்ணா ஓடும். நீங்கல்லாம் எதையெடுத்தாலும் புதுசு வாங்கிடுறீங்க."

"அதுக்கெல்லாம் எண்ணெ போட மாட்டாங்கப்பா. சரி, நெகேசாகிட்ட கொண்டு போங்க. காலேஜ்ல என்னோட படிச்சவ. பொய் சொல்ல மாட்டா."

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு பூப்போட்ட துணியில் சுற்றி, டுக்டுக் ஆட்டோவில் ஏற்றி, அக்கோத் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ எதுக்கும்மா அலையுற, நான் போயிட்டு வரேன்" என்று ஒக்குமு சொன்னதற்கு, "ஒங்களத் தனியா அனுப்புனா கடைக்காரி ஒரு பஸ்ஸையே தலையில கட்டிடுவா" என்றாள்.

நெகேசாவின் கடை, ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அவளுக்கு முப்பது வயது இருக்கும். கொண்டையில் பென்சில் செருகுவதுபோல ஒரு திருப்புளியைச் செருகியிருந்தாள். பெட்டியைத் திறந்தவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"ஐயா, இதுல ஒரு குடும்பமே இருந்திருக்கு."

தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். கார்டின் விசிறி, விரலால் தட்டியும் பாதிச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. நெகேசா எல்லாவற்றையும் ஊதித் துடைத்து, கார்டைப் பிரித்து, சூட்டைக் கடத்தும் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவி மாட்டினாள். ஒக்குமு மெக்கானிக் பக்கத்தில் நிற்பதுபோல இடுப்பில் கைவைத்து ஒவ்வொன்றையும் பார்த்தார். அவள் வேலை செய்யும் விதம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு திருகாணியைக்கூட மேசையில் உருளவிடவில்லை.

விளையாட்டைப் போட்டுப் பார்த்தார்கள். சூடு குறைந்திருந்தது. ஆனால் ஏற்றம் வந்ததும் படம் பழையபடி திக்கியது.

"நாப்பத்தெட்டு சீட்டு வண்டியில நூத்தியிருபது பேர ஏத்துனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் நெகேசா.

"ஏத்த மாட்டேன்."

"இந்தக் கார்டு அப்படித்தான் படத்த ஏத்துது ஐயா. இதோட நினைவகத்துல இடம் பத்தல, கொஞ்சப் பேர எறக்கி விட்டுட்டு ஓடுது, அப்புறம் திரும்பி வந்து அவங்கள ஏத்துது. அந்த நேரம்தான் படம் நிக்குது. நீங்க வேணும்னா பாரத்தக் கொறச்சிப் பாக்கலாம்."

அவள் எதையெதையோ குறைத்தாள். திரையில் மலை மொட்டையாக வந்தது.

"மரமெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"மாவ் காட்ட வெட்டித் தின்னவங்ககூட இவ்வளவு சுத்தமா வெட்டலம்மா. பனி?"

"அதையும் எடுத்துட்டேன்."

அப்போதும் ஊர்கள் வரும் இடத்தில் திக்கத்தான் செய்தது. ஒக்குமு தாடையைத் தடவினார். "பரவால்ல. எனக்கு வழி தெரியும். மரம் இல்லாட்டியும் ஓட்டிக்குவேன். ஊர் வந்தா மெதுவாப் போறேன். மாத்த வேணாம்" என்றார். அவருக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. இத்தனை வருடம் உழைத்ததைத் தூக்கிப் போடவில்லை, வீட்டுக்காசையும் பொம்மைக்குச் செலவழிக்கவில்லை.

நெகேசா வற்புறுத்தவில்லை. "சரி ஐயா. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, என் மெஷின்ல ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுப் போங்க. அம்மாவும் உக்காருங்க" என்று இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவள் கம்ப்யூட்டரில் இருந்த கார்டு இரண்டு தலைமுறை இளையது.

கிசுமுவிலிருந்து வண்டி கிளம்பியது. ஒக்குமுவுக்குக் கையில் வித்தியாசம் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சாலை உடனே திரும்பியது. அஹெரோவின் நெல் வயல்களில் தண்ணீர் பளபளத்தது. அவாசி போயிற்று. கெரிச்சோவில் தேயிலை மேல் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் வைப்பர் ஆடியது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் வளைவில் முறையாகத் தெரிந்து, முறையாக அருகே வந்து, முறையாகக் கடந்து போனது. மாவ் ஏற்றத்தில் பனி இறங்கியபோது அவர் தன்னையறியாமல் விளக்கைத் தாழ்த்தினார். பனிக்குள்ளிருந்து மரங்கள் ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்தன. கீழேயிருந்து தையல்காரர் ஏறி வந்து வாசலில் நின்று பார்த்தார்.

லோண்டியானி பலகை வந்தபோதுதான் ஒக்குமுவுக்கு ஏதோ உறைத்தது. பக்கத்து ஸ்டூலைப் பார்த்தார். அக்கோத் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

வண்டியை ஓரங்கட்டினார்.

"நீ இன்னும் எறங்கலயே."

"ஏன் எறங்கணும்?"

"வீட்டுல அஹெரோ தாண்ட மாட்டியே."

அக்கோத் பையின் வாரைச் சரிசெய்தாள். அவர் விடவில்லை. "சொல்லு. அடுப்புல ஒண்ணும் இல்ல இங்க."

"நம்ம வீட்டுது விட்டு விட்டு ஓடுதுல்ல" என்றாள் தாழ்ந்த குரலில். "அதப் பாத்தா எனக்குத் தல சுத்தும். கொஞ்ச நேரத்துல வயித்தப் பெரட்டிக்கிட்டு வரும். பின்னாடி போயி சுவரப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். இதுல அப்படி இல்ல. வழுக்கிட்டுப் போவுது."

"போன மாசத்துலேருந்தா?"

"மொதல்லேருந்தே. போன மாசம் ரொம்ப மோசம்."

"ரெண்டு வருசமா?"

"நீங்க சந்தோசமா ஓட்டிக்கிட்டிருந்தீங்க. அதுல போயி என் வாந்தியச் சொல்லணுமா?"

தையல்காரர் மெல்லக் கீழே இறங்கிப் போய்விட்டார். நெகேசா எதையோ தேடுவதுபோல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். ஒக்குமு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். இரண்டு வருடமாக, பிடிக்காமல் எழுந்து போகிறாள் என்று தான் நினைத்துக்கொண்டிருந்ததும், ஒருநாள்கூட வாய்திறந்து கேட்காததும் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. தினமும் தலை சுற்றும் என்று தெரிந்தே, தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"லாவெண்டர் அம்மா," என்றார் கடைசியில், "கார்டு வாங்குற காசுல நாம ரெண்டு பேரும் நெசமாவே மொம்பாசா போயிட்டு வந்துடலாம். நீ பாத்ததே இல்ல. நான் எத்தன தடவ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி, ஒனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ட்யூட்டின்னு போயிடுச்சு. நெசப் பஸ்ஸுல போவோம்."

அவர் மனதாரச் சொன்னார். அக்கோத்துக்கும் அது தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"அத யாரு ஓட்டுவா?"

"யாராவது ஓட்டுவான்."

"லாவெண்டர் பட்டமளிப்புக்கு நைரோபி போனப்போ பாத்தேன்ல. வழி பூரா காலால தரைய அமுக்கிக்கிட்டே வந்தீங்க. அந்த டிரைவர் புள்ளாண்டான் ஒவ்வொரு தடவ முந்துறப்பவும் ஒங்க மூச்சு நின்னுச்சு. எனக்கு ஒங்களப் பாக்கவா, வழியப் பாக்கவா?" அவள் பையைக் கீழே வைத்தாள். "எனக்கு நீங்க ஓட்டுற வண்டியில போகணும். மொம்பாசா வரைக்கும். அத வாங்குங்க."

ஒக்குமு எழுந்தார். நெகேசா பக்கம் திரும்பி, "உன்னோடதுல இருக்குறதே குடும்மா" என்றார்.

அலமாரியிலிருந்து தலையை எடுத்த நெகேசா, "குடுக்க மாட்டேன்" என்றாள். "ஒங்க பெட்டியில கரண்டு குடுக்குற சாமான் அதத் தாங்காது. அத மாத்துனா போர்டு, போர்டு மாத்துனா எல்லாம். கடைசியில பழைய டப்பா மட்டும்தான் ஒங்களோடது. எனக்கு வியாபாரம், ஒங்களுக்கு என்ன? இத எடுத்துக்கோங்க." அவள் நீட்டியது, ஒருவர் பயன்படுத்தி விற்ற கார்டு. அளவில் சின்னது, ஆனால் நினைவகம் பழையதைப்போல மூன்று மடங்கு. "இலை இலையாத் தெரியாது. மரம் தெரியும், பனி தெரியும், திக்காது. இன்னும் நாலு வருசம் ஓடும்."

"அம்மா உக்காந்து பாக்கட்டும். அவ சொன்னாத்தான்" என்றார் ஒக்குமு.

நெகேசா மாட்டினாள். அக்கோத், பள்ளியில் விடைத்தாள் திருத்துகிறவளின் முகத்தோடு, கெரிச்சோ வரை உட்கார்ந்து பார்த்தாள். நடுவில் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். ஒக்குமு காத்திருந்தார்.

"தல சுத்தல" என்றாள். "கொஞ்சம் பசிக்குது."

கழற்றிய பழைய கார்டை நெகேசா ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அதற்கு யாரும் ஒன்றும் தரமாட்டார்கள் என்று சொன்னாள். ஒக்குமு அதைச் சட்டைப்பையில் வைத்துப் பார்த்தார், கொள்ளவில்லை. அக்கோத் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுவாரம் அவர்கள் முன்னறையிலிருந்து கிளம்பினார்கள். ஒரே மூச்சில் போகவில்லை. முதல் நாள் நகுரு. இரண்டாம் நாள் நைரோபி, அங்கே நெரிசலில் அவர் மற்ற ஓட்டுநர்களைத் திட்டியதை அக்கோத் முதல்முறையாகக் கேட்டாள். "இந்த வாயா சனிக்கிழம வீட்டுக்கு வந்து எங்கிட்ட செல்லங் கொஞ்சுச்சு?" என்றாள். மூன்றாம் நாள் காலை, கஞ்சி குடித்துவிட்டு, மொம்பாசா சாலையில் இறங்கினார்கள்.

எம்டிட்டோ அண்டேய் ஊரைத் தாண்டியதும் மண் சிவந்தது. முள்மரங்கள் தள்ளித் தள்ளி நின்றன. ஒக்குமு ஒரு நிதானமான வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, அக்கோத் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"அது என்ன, பாறையா?"

"பாறை நடக்குதா பாரு."

செம்மண்ணில் புரண்டு செம்மண் நிறமாகவே ஆகிவிட்ட யானைகள். ஐந்தாறு இருக்கும். ஒரு குட்டி, பெரிய ஒன்றின் கால்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து நடந்தது.

"நிறுத்துங்க" என்றாள் அக்கோத்.

முப்பத்தோரு வருடத்தில் அந்த இடத்தில் அவர் ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார். திரையின் மூலையில் பயணிகள் முறையிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றாக மதிப்பெண் குறைந்தது.

"கோவிச்சுக்குறாங்களே" என்றாள் அக்கோத், யானையிடமிருந்து கண்ணை எடுக்காமலே.

"கோவிச்சுக்கட்டும்" என்றார் ஒக்குமு. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்தார்.