நான்காம் எண் விசை

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் பெண்ணை எல்லோரும் 'மின்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் விழுந்து முடிப்பதற்குள் கை அடித்து முடித்திருக்கும். நேற்று அந்தக் கைதான் அவள் காலை வாரிவிட்டது என்றார் மேற்பார்வையாளர். கதவு எண் நாற்பத்து நான்குக்குப் போகவேண்டிய வண்டி நான்காம் எண் வீட்டு வாசலில் போய் நின்றது. ஒன்பது நிமிடம் வீண். நெஞ்சுவலிக்காரர் பிழைத்தது அவர் செய்த புண்ணியம்.

"ரெண்டு நாலும் அடிச்சேன் சார்" என்று சொல்லிச் சொல்லி மின்னலுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

விசைப்பலகையைச் சோதிக்க வந்த டெக்னீஷியன் அவளுடைய நாத்தனார். அதுவே பெரிய சங்கடம்.

"பத்து மணிக்கு ரிப்போர்ட் போகணும்மா. அண்ணியாச்சேன்னு இல்லாத கோளாறைக் கண்டுபிடிச்சுடாதே" என்றார் மேற்பார்வையாளர்.

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. சோதனைத் திரையைத் திறந்தாள். ஒவ்வொரு விசையாக அழுத்த, திரையில் அதனதன் கட்டம் பச்சையானது. எழுத்துகள், எண்கள், ஓரத்து அம்புக்குறிகள். நான்கை இருபது முறை அழுத்தினாள். இருபது முறையும் விழுந்தது.

"எல்லாம் பச்சைதானே? கையெழுத்துப் போடு."

மணி ஒன்பது ஐம்பது. மின்னல் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது அதே மேசையில் அழைப்பு மணி அடித்தது. மற்ற மேசைகள் எல்லாவற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மின்னல் பாய்ந்து ஹெட்போனை மாட்டினாள்.

"சொல்லுங்க... குழந்தையா? தொண்டையில என்ன மாட்டிச்சு? கதவு நம்பர் சொல்லுங்கம்மா... நூத்தி நாப்பத்தி நாலு..."

விரல்கள் பறந்தன. அவள் கண் அதற்குள் வரைபடத்துக்குத் தாவிவிட்டது. நாத்தனாரின் கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை. பதினான்கு என்று நின்றது.

"அண்ணி! ஒரு நாலு விழலை!"

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியது. வயர்லெஸ்ஸைப் பிடுங்கி, "நூத்தி நாப்பத்தி நாலு! ஒண்ணு, நாலு, நாலு! பதினாலு இல்லை!" என்று ஓட்டுநரிடம் கத்தினார்.

மின்னல் குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி போய்ச் சேரும் முன்பே ஹெட்போனுக்குள் வீறிட்ட அழுகை வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

நாத்தனார் நான்கை வேகமாக இரட்டை இரட்டையாகத் தட்டிப் பார்த்தாள். மெதுவாக அடித்தால் ஒழுங்காக எழும்பிய விசை, வேகத்துக்கு எழும்பாமல் அடியிலேயே சற்றுத் தங்கியது.

"ரிப்போர்ட்டை நானே மாத்தி எழுதுறேன்" என்றார் மேற்பார்வையாளர், யார் முகத்தையும் பார்க்காமல்.

மின்னலுக்குச் சிரிப்பு வரவில்லை. "நேத்து ஒரு தடவை திரையைப் பார்த்திருக்கலாம்" என்றாள்.

"இனிமே பார்த்துக்கலாம் அண்ணி. முதல்ல தண்ணி குடிங்க" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டு, நாத்தனார் அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். இன்னும் பதினொரு பலகைகள், எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை.