பெரிசும் சின்னதுமாக ஒரு வாக்கு

போடியில் ஒருத்தன் சொன்னால் அது பேரம். அதையே இன்னொருத்தனும் சொன்னால்தான் சேதி. எங்கள் மெட்டு ரோடு வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே சட்டம்தான். மலையிலிருந்து இறங்குகிறவன் ரோடு எப்படி என்று போடுவான். அடுத்து இறங்குகிறவன் அதே வார்த்தையைத் திரும்பப் போட வேண்டும். இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் ஜீப்புகள் அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏறும். ஒருத்தன் பேச்சை மட்டும் நம்புவதில்லை. 'ரோடு மோசம்' என்று போட்டு மற்ற ஜீப்பையெல்லாம் நிறுத்திவிட்டு, தோட்ட வேலைக்கு ஏறுகிற ஆள் லோடு முழுவதையும் தானே அள்ளிக்கொண்டு போன புண்ணியவான்கள் எங்களிடம் உண்டு.

ஐப்பசி அடைமழை. மலைமேல் என் ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கியிருந்த நான் விடிந்ததும் பைக்கில் இறங்கினேன். பதினோராவது வளைவில் மேலேயிருந்து செம்மண் சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கல் எனக்கு முன்னால் ரோட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போனது. விழுந்த சத்தம் வரவே இல்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டு ஒரே முறுக்கு.

வீட்டுக்கு வந்து மனைவி ருக்கையா கொடுத்த டீயைக் கையில் வாங்கும்போது, ஜீப் டிரைவர் சுருளி குழுவில் போட்டிருந்தான்: ரோடு நல்லா இருக்கு. சுருளிக்கு ரோடு எப்போதும் நல்லாத்தான் இருக்கும். போன மாசம் குறுக்கே மரம் விழுந்து கிடந்தபோதும் நல்லா இருந்தது.

மதுரையில் காலேஜ் படிக்கிற என் மகள் முஸ்கானிடம் ஒரு பழக்கம். 'நேரத்துக்குச் சாப்பிடு' என்று நான் அனுப்பினால், அதே வரியை ஆங்கில எழுத்தில், ஒன்று பெரிசு ஒன்று சின்னது என்று மாற்றி மாற்றி அடித்துத் திருப்பி அனுப்புவாள். என்ன இது, போன் கெட்டுப்போச்சா என்று கேட்டதற்கு, "பழிப்புக் காட்டுறேன் அத்தா, இதுகூடத் தெரியாதா?" என்றாள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

சுருளி வரிக்குக் கீழே நானும் அடித்தேன்: rOaD nAlLa iRuKkU.

மண் கொட்டுவதைக் கண்ணால் பார்த்தவன் 'மண் கொட்டுது' என்றே போட்டிருக்கலாம். அதில் என்ன ருசி இருக்கிறது!

டீ பாதி குடிப்பதற்குள் இன்னொரு ஜீப் டிரைவர் கன்னையன் போட்டான்: 'கெளம்பியாச்சு. சிலமலை ஆளுக பன்னெண்டு பேரு.'

டீயைக் கீழே வைத்தேன். நான் அடித்ததை மறுபடி படித்தேன். சுருளி சொன்ன அதே வார்த்தை. இரண்டாவது ஆள் நான். காலையில் நான் மலையிலிருந்து இறங்கியதும் எல்லோருக்கும் தெரியும். எழுத்து பெரிசா சின்னதா என்று எங்கள் குழுவில் யார் பார்க்கிறார்கள்? ஈரக் கையோடு போனைத் தட்டுகிறவர்கள். எப்படி விழுந்தாலும் வாசித்துக்கொள்வார்கள்.

கன்னையனைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. குழுவில் 'ரோடு மோசம், யாரும் ஏறாதீங்க' என்று போட்டேன். உடனே குழுவிலிருந்த கோட்டைச்சாமி, 'என்ன பாய், அதுக்குள்ள ரோடு மாறிப்போச்சு? உங்க தோட்டத்துக்கு ஆளு சிக்கலையோ?' என்று கேட்டான். கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

"டீய வச்சுட்டு எங்க ஓடுறீக?" என்றாள் ருக்கையா.

"மெட்டுக்கு."

"இப்பத்தானே வந்தீக?"

அதற்குள் பைக் தெருவைத் தாண்டியிருந்தது.

முந்தல் தாண்டியதும் மூடுபனி. ரோட்டில் செந்தண்ணீர் ஓடிவந்தது. ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தேன், எங்காவது உடைந்திருக்கிறதா என்று. பதினோராவது வளைவில் ஜீப் நின்றது. முன்னால் முழங்கால் உயரத்துக்கு மண். அதன்மேல் ஏற்றிப் போய்விடலாம் என்று கன்னையன் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

நான் பைக்கை ஜீப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஓரமாப் போங்க பாய், ஒரே ஏத்துல ஏத்திருவேன்."

"பின்னால எடுண்ணே. மேல மண்ணு நிக்காது."

"ரோடு நல்லாருக்குன்னு ரெண்டாவது போட்டதே நீங்கதானே?"

"அது சுருளியப் பழிப்புக் காட்டுனது."

"சுருளியப் பழிக்கிறதுக்கு நாங்களா கெடச்சோம்?"

பின்னாலிருந்து முத்துப்பேச்சி தலையை நீட்டினாள். பன்னிரண்டு பேருக்கும் மேஸ்திரி அவள்தான். "அது ஒண்ணுமில்ல கன்னையா. நேத்து பாய் ஆளு கேட்டாரு, நாம வேற தோட்டத்துக்கு ஒத்துக்கிட்டோம்ல. பாதி வழியில மறிச்சுக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு."

ஜீப்புக்குள் சிரிப்பு. "கூலி கூட்டித் தர்றீகளா பாய்?" என்றாள் அமுதவள்ளி. "மத்தியானச் சோறும் சேத்துப் பேசுங்க!"

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ஒன்பது பதில் வைத்திருப்பேன். ஜீப்பின் தகரத்தில் டக்கென்று ஒரு பொடிக்கல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சரிவில் ஒரு புதர், சாயாமல் நின்ற வாக்கிலேயே, ஒரு முழம் கீழே இறங்கியது. மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா..." என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பைக் கையைவிட்டுச் சாய்ந்து விழுந்தது. எடுக்கவும் தோன்றவில்லை. மேலே கையைக் காட்டினேன்.

முத்துப்பேச்சியின் சிரிப்பு நின்றது. பத்து வருஷமாக என்னோடு கூலி பேசுகிறவள்.

"ஏ, வாய மூடுங்கடி. அந்த ஆளு மூஞ்சியப் பாருங்க. பேரம் பேசுற மூஞ்சியா இது? எறங்குங்க, வெரசா!"

இறங்கினார்கள். ஒருத்தி செருப்பைத் தேடினாள். முத்துப்பேச்சி அவளை முதுகில் பிடித்துத் தள்ளினாள். கன்னையன் மட்டும் ஸ்டீரிங்கை விடவில்லை.

"நீங்க நடங்க ஆத்தா. நான் வண்டியத் திருப்பிக் கொண்டாறேன்."

அவள் உள்ளே கைவிட்டுச் சாவியைப் பிடுங்கி மடியில் செருகினாள். "இப்பத் திருப்பு பாப்போம்."

வளைவைத் தாண்டிக் கீழ்நோக்கி, பாறைச் சுவரை ஒட்டி ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஐம்பதடி போயிருப்போம். பின்னால், ஜீப் நின்ற இடத்தில், ஆயிரம் மூட்டையைச் சிமெண்டுத் தரையில் ஒன்றாக இழுப்பதுபோல ஒரு சத்தம். ரோடு காலுக்கடியில் அதிர்ந்தது. பச்சை மண் வாடையோடு குளிர்ந்த காற்று முதுகில் அறைந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும். பனிக்குள் பக்கத்து ஆளின் முகம்கூடத் தெரியவில்லை.

முத்துப்பேச்சி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். அமுதவள்ளி. மொக்கம்மாள். பொன்னுமணி. ஒவ்வொருத்தியும் "இருக்கேன்" என்றாள். பேர்கள் முடிந்தன.

"கன்னையா!"

குரலை உயர்த்தினாள்.

"ஏலே கன்னையா!"

"இருக்கேன் ஆத்தா." பக்கத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்தான்.

கடைசியாக, "பாய்?" என்றாள்.

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. "பாய்! இருக்கியா இல்லையாய்யா?" அவள் குரல் கிறீச்சிட்டது. பனிக்குள் துழாவி, அகப்பட்ட ஈரச் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். யாருடையது என்று தெரியாது. அந்தப் பெண்தான் எனக்காகச் சொன்னாள்:

"இருக்காரு."