போடியில் வார்த்த ஈயம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் காசிராஜன் கடையின் ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டு, மூலையில் கிடந்த பெயிண்ட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். கார் சக்கரங்களிலிருந்து கழற்றிப் போட்ட ஈயத்துண்டுகள் கலகலவென்று சரிந்தன. போடியிலிருந்து மூணாறு போகும் சாலையில் அவருடைய டயர் கடை. போடிமெட்டு வளைவுகளில் இறங்கி வரும் சுற்றுலாக் கார்கள், ஸ்டியரிங் நடுங்குகிறது என்று அவர் கடை முன்னால்தான் வந்து நிற்கும். சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் குறைகிறதோ அந்த விளிம்பில் விரல் நீள ஈயம் ஒன்றைத் தட்டி மாட்டுவார். பழையது டப்பாவுக்குப் போகும். பதினெட்டு வருடமாக இதே சோலி. அந்த ஈயத்தை எங்கே பார்த்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பஞ்சில் சுற்றி அவர் கையில் கொடுத்தபோதும் தெரிந்தது.

அது போன தை மாதம். சந்திரவல்லி வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து பெண்கள் எல்லோரும் குடும்பத்தோடு வேன் பிடித்துத் திருச்செந்தூர் போயிருந்தார்கள். சாமி கும்பிட்டுவிட்டு, கூட்டமில்லாத இடமாகக் குளிக்கலாமென்று இன்னும் தெற்கே போய், ஒரு மீனவர் ஊரைத் தாண்டி வேனை நிறுத்தினார்கள். சந்திரவல்லி மலையில், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். நாற்பத்து நான்கு வயதில் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினாள். அடுத்த அலை திரும்பிப் போனபோது அவள் அங்கே இல்லை.

காசிராஜனுக்கு நீச்சல் தெரியாது. ஒரு கையில் அவள் பை, ஒரு கையில் அவள் செருப்பு. நின்ற இடத்திலேயே நின்று கத்தினார். கால் ஒரு அடிகூட முன்னால் போகவில்லை. அவள் தலை தெரிந்தது, மறைந்தது, முன்னைவிடத் தள்ளித் தெரிந்தது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பச்சைச் சட்டைக்காரர் ஒருவர்தான் ஓடி வந்தார். கையிலிருந்த தூண்டில் நரம்பின் நுனியை, ஈயமும் கொக்கி முள்ளுமாகத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி வீசினார். அது அவளைத் தாண்டிப் போய் விழுந்தது. இழுத்தார். மூன்று முள்ளில் இரண்டு சேலையில் மாட்டின; ஒன்று முழங்கைக்குக் கீழே சதையில் ஏறியது. அவள் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். அந்த மனிதர் நேராக இழுக்கவில்லை. கரையோரமாகவே பக்கவாட்டில் நடந்தார், தண்ணீரின் இழுவை குறைகிற இடம்வரை. அதற்குள் வேறு நாலு பேர் ஓடி வந்து நரம்பைப் பிடித்தார்கள்.

கத்தியால் நரம்பை அறுத்துவிட்டு, முள்ளும் ஈயமுமாகவே அவளை வேனில் ஏற்றினார்கள். யாரும் அந்த மனிதரின் பெயரைக் கேட்கவில்லை. காசிராஜன் ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்த பிறகு, பஞ்சைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு சக்கர ஈயங்களை ஒன்றாக வைத்துச் சுத்தியலால் தட்டி, நடுவில் கம்பி செருகியிருந்தது. எந்த ஊர்க் காரிலிருந்தோ விழுந்து, சாலையில் கிடந்து, அந்த மனிதர் பொறுக்கியெடுத்து வீட்டில் உட்கார்ந்து தட்டிச் செய்தது. அதுதான் சந்திரவல்லியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

புண் ஆறியது. அவள் மறுபடி ஸ்டோருக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் கடலைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் நின்றதைப் பார்த்தாயா என்று அவளிடம் கேட்க எட்டு மாதமாக அவருக்கு வாய் வரவில்லை. அந்த மனிதருக்கு என்ன கொடுப்பது என்பதும் தெரியவில்லை. துணியா, பழமா? கடைசியில், அன்று அந்த மனிதர் இழந்த தூண்டிலையே செய்து கொடுப்பது என்று முடிவுசெய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கினார். சக்கரத்தில் மாட்டுவதற்கான இரும்புக் கவ்விகள் மேலே மிதந்தன, அள்ளி எறிந்தார். ஆற்று மணலில் குழி பண்ணி ஊற்றியது தப்பாகிவிட்டது. மணலில் ஈரம் இருந்திருக்கிறது. ஈயம் படபடவென்று தெறித்து மணிக்கட்டைச் சுட்டது. சாயங்காலம் சந்திரவல்லி மருந்து போட்டுவிடும்போது கேட்டாள்.

“எதுக்குங்க இந்த வேல?”

“அந்தாளுக்கு. அன்னைக்கு எல்லாத்தையும் அறுத்துக் குடுத்துட்டு வெறுங்கையோட நின்னாருல்ல.”

அவள் மருந்து டப்பாவை மூடினாள். “முள்ளு யாரு கட்டுவா?” என்றாள்.

“நானே கட்டிக்கிறேன். நீ அதத் தொட வேணாம்.”

அடுத்த வாரம் செங்கலைக் குடைந்து அச்சு பண்ணி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஊற்றினார். இந்தத் தடவை ஈயம் அமைதியாக இறங்கியது. போனில் பார்த்தபடி, சைக்கிள் சக்கரக் கம்பிகளை நறுக்கி, ஒவ்வொரு குண்டிலும் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். மணலைக் கவ்விப் பிடிக்குமாம். பிளாஸ்டிக் பைப்பை அறுத்து நரம்பு சுற்றும் கட்டையும் செய்தார். முள் கட்டுவதுதான் வரவில்லை. டயரைக் கழற்றிக் கழற்றித் தடித்துப்போன விரல்கள். முடிச்சு இறுகும்போது முள் நழுவி எங்கேயாவது குத்தியது. நான்காவது முள்ளும் கீழே விழுந்தபோது, சந்திரவல்லி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“கொண்டாங்க இங்கிட்டு.”

ஒரு முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனில் காட்டியதை ஒரு தரம் பார்த்துவிட்டு, நரம்பை ஐந்து சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினாள். நாள் பூராவும் ஏலக்காயைப் பருமன் பார்த்துப் பிரிக்கிற விரல்கள். மூன்றாவது முள்ளிலிருந்து அவள் போனைப் பார்க்கவே இல்லை.

குனிந்த தலை நிமிராமலேயே சொன்னாள். “குத்துனப்ப வலிச்சுச்சு. ஆனா யாரோ நம்மளப் பிடிச்சுட்டாங்கன்னு இருந்துச்சுங்க. வலி நின்னுருச்சுன்னா விட்டுட்டாங்கன்னு அர்த்தமாயிருமேன்னு, வலிக்கட்டும் வலிக்கட்டும்னு நெனச்சேன்.”

காசிராஜன் ஈயக்குண்டின் ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு சனிக்கிழமை முதல் பஸ்சில் கிளம்பினார்கள். பன்னிரண்டு குண்டுகள், முள் கட்டிய நரம்புகள், கூடவே நல்ல ஏலக்காய் ஒரு பொட்டலம். அந்த ஊரில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், பச்சைச் சட்டை, தூண்டில், தை மாதம் என்று காசிராஜன் தடுமாறிக்கொண்டிருக்கையில் சந்திரவல்லி முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினாள்.

“ஐயோ, சூசை பிடிச்ச பொம்பளையா நீ!” அந்தப் பெண் கூவியதில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. “அந்தாள இந்த ஊரு எவ்வளவு கேலி பண்ணிருக்கு தெரியுமா? என்ன மீனு, எத்தன கிலோன்னு கேட்டே கொன்னுட்டானுவ!”

சந்திரவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கரைவரை நாலைந்து பெண்கள் கூடவே வந்தார்கள்.

சூசை மிக்கேலுக்கு அறுபது வயதிருக்கும். காசிராஜன் நினைத்து வைத்திருந்ததைவிடக் குட்டையாக, ஒல்லியாக இருந்தார். இவர்களைப் பார்த்ததும் கூச்சப்பட்டு, கையை லுங்கியில் துடைத்தார். “எதுக்கு இதெல்லாம், அண்ணாச்சி?” என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். குண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைத் தொட்டார்.

“இது என்ன, தேளு மாரி கால் வச்சிருக்கு?”

“மணல்ல பிடிச்சுக்கிருமாம். போன்ல பாத்தேன்.”

“பாறை கெடக்கு, மாட்டிக்கிடும். வளைச்சு விட்டாச் சரியாப் போவும்.” குறட்டால் வளைத்தார். பிறகு முள்ளை எடுத்து முடிச்சைப் பல்லால் இழுத்துச் சோதித்தார். இன்னொன்றை எடுத்து, அதையும் இழுத்தார். “முடிச்சு யாரு போட்டது?”

“நாந்தாண்ணே,” என்றாள் சந்திரவல்லி.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டலில் அவள் முகம் மலர்ந்ததைக் காசிராஜன் பார்த்தார். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தை ஒன்றும் இப்போது வரவில்லை. வேறொன்று வந்தது.

“அன்னைக்கு நான் நின்னுக்கிட்டே இருந்தேன், அண்ணே. தாலி கட்டுனவன் நான். ஒரு அடி எடுத்து வைக்கல.”

சூசை கம்பியை வளைத்துக்கொண்டே சொன்னார். “நானும் எறங்கலலா. நாப்பது வருசமா இங்கதான் நிக்கேன். நீவாடு, அதான் கடலோட்டம், உள்ள இழுக்குற எடம் அது. எறங்குனவன் கரையேற மாட்டான்.” குறட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “நீங்களும் எறங்கியிருந்தா ரெண்டு பேரு. எங்கிட்ட ஒரு நரம்புதான இருந்துச்சு?”

காசிராஜன் கடல் பக்கம் திரும்பினார்.

“அவரு நின்னத நான் பாத்தேண்ணே,” என்றாள் சந்திரவல்லி. “அந்த நெலமையிலயும் என் செருப்பக் கீழ போடல மனுசன்.”

கருவாட்டுக்காரப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். காசிராஜனும் சிரித்தார், கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கினார். அதற்குள் சூசை அந்தக் கையில் நரம்புக் கட்டையைத் திணித்துவிட்டார்.

“வந்ததுக்குச் சாப்பிட்டுத்தான் போவணும். பிடிங்க.”

சூசை புதுக் குண்டைத் தலைக்கு மேல் சுற்றி வீசினார். அலைகளைத் தாண்டி எங்கேயோ விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. அந்தப் பெண்களோடு வந்திருந்த சூசையின் மனைவி சந்திரவல்லியின் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் கூட்டிப் போனாள். ஏலக்காயை மீன் குழம்பில் போடலாமா கூடாதா என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.

“நரம்ப ஆள்காட்டி வெரல்ல வைங்க,” என்றார் சூசை. “கண்ணால பாக்காதிய. வெரல்ல பாருங்க.”

காசிராஜன் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் ஒன்றுமில்லை, அலையின் மெல்லிய இழுப்பு மட்டும். பிறகு வெகுதூரத்தில், தண்ணீருக்கு அடியில், ஈயம் அசைந்தது. மணல். ஒரு சிறிய கல். மறுபடி மணல். கண்ணால் பார்க்க முடியாத அந்தத் தரை, கொஞ்சம் கொஞ்சமாக அவர் விரலுக்கு வந்துகொண்டிருந்தது.